சீசன் முடியும்வரை விரதம்

ஆவடி,
21.7.2025

அன்புத் தம்பி தேவாவுக்கு,

அக்கா ஷோபனா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் "சூப்பர்" என்கிறாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் புரிந்துகொள்வது? அதனால்தான் தாளில் கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. இந்த குவார்ட்டர்ஸ் வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என் போனில் அம்மன் பாட்டு வைத்துக் கேட்கிறவள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படித்துவிடுகிறாள். நீ பதிலைப் பட்டாபிராமில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது.

நீ முதல் ரேசில் ஜெயித்ததை மாமா தொழிற்சாலை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஒரகடத்தில் யாரோ வாங்கப்போகும் காரை வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டெஸ்ட் டிரைவர், முப்பத்திரண்டு வயதில் டூரிங் கார் பந்தயத்தில் ஜெயித்திருக்கிறான் என்றால் சும்மாவா? எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. உன் முகத்துக்கு நேரே சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா உன் கன்னத்தைப் பார்த்துவிட்டு ஏன் இப்படி ஒட்டிப்போய்க் கிடக்கிறாய் என்று கேட்டாள். வேற்காட்டு அம்மனுக்கு விரதம், சீசன் முடியும்வரை ஒரு வேளைதான் சாப்பாடு என்று நீ சொன்னாய். கற்பூரத் தட்டு வந்தால் பின்னால் நழுவுகிறவன் நீ. உனக்கு எப்போது பக்தி வந்தது?

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு வசந்தாவிடம் சொல்லி அழுதாள். கையோடு அவளும் ஒரு வேளைச் சாப்பாட்டில் இறங்கிவிட்டாள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். காதில் வாங்கவில்லை. ஆடி முடிந்ததும் விட்டுவிடுவாள் என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஷோபனா


கோயம்புத்தூர்,
9.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தேவா எழுதுவது. நான் சுகம். மாமாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்லவும். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இரண்டாவது ரேசிலும் ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரிதான். எங்கள் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. ஜெயித்த காரில் அடுத்த ரேசுக்கு இரும்புத் தகடு ஏற்றுவார்கள். ஒருத்தனே ஜெயித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சுவாரசியம் போய்விடுமாம். நான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் தகட்டைப் போல்ட் போட்டு முடுக்கி, சீல் வைத்துவிடுவார்கள். முதல் ஜெயிப்புக்கு ஒன்று, இரண்டாவதற்கு இன்னொன்று. நன்றாக ஓட்டினதற்குத் தண்டனை.

எங்கள் கார் ஏற்கெனவே கொஞ்சம் கனம். ரேஸ் முடிந்ததும் காரையும் டிரைவரையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். ஆகவே டிரைவர் இளைத்திருந்தால் டீமுக்கு லாபம். லோகேஷ் என்று ஒரு பையன் இருக்கிறான். இருபத்தொரு வயது. ஊதினால் பறந்துவிடுவான். என் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுப்பதும் துடைத்து வைப்பதுமாகக் கூடவே சுற்றுகிறான். அவன் கண் என் சீட்டின்மேல் இருக்கிறது. மேனேஜர் பாண்டியன் சார் போன வாரம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேவா, தகட்டைக் குறைக்க முடியாது. உன்னைக் குறைக்கலாம்." எல்லோரும் சிரித்தோம்.

விரதத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். மனுஷனுக்கு எப்போது வேண்டுமானாலும் பக்தி வரும். அம்மாவை மட்டும் விட்டுவிடச் சொல். என் விரதத்துக்கு அவள் எதற்குப் பட்டினி?

காட்டுப்பாக்கத்து யூசுப் என்கூடத்தான் இருக்கிறான். என் காருக்கு அவன்தான் மெக்கானிக். உன்னை விசாரித்தான்.

தம்பி,
தேவா


ஆவடி,
30.8.2025

தம்பிக்கு,

நலம். உன் நலம் எப்படி என்று நீயே உண்மையாக எழுதினால்தான் உண்டு.

ஆடி முடிந்து ஆவணி பாதி ஆகிவிட்டது. அம்மா விடவில்லை. மத்தியானம் ஒரு பிடி சோறு. காலையில் வெறும் டீ, ராத்திரி வெறும் தண்ணீர். மாத்திரையை மட்டும் இரண்டு வேளையும் தவறாமல் போட்டுக்கொள்கிறாள். டாக்டர் சொன்ன மாத்திரை, அதை நிறுத்தக் கூடாதாம். டாக்டர் சாப்பிடவும்தானே சொன்னார் என்றால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறாள். சாயங்காலமானால் கை நடுங்குகிறது. பூ கட்டும்போது நார் நழுவுகிறது.

நீ சொன்னதைச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "எம் புள்ள அந்தக் கொதிக்கிற கார்ல பட்னியா குந்திகினு கீறான். எனக்கு இன்னாடி சோறு எறங்கும்?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னாள். அவன் ரெண்டு தடவை ஜெயிச்சது எதனால என்று நினைக்கிறே என்றாள்.

உன் காரில் நீ மட்டும் இல்லை தேவா. அவளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னால் இறங்கமாட்டாள். விரதத்தை முடித்துவிட்டேன், நான் வயிறாரச் சாப்பிடுகிறேன் என்று நீயே ஒரு வார்த்தை சொல். அடுத்த நிமிடம் அவளும் சாப்பிடுவாள். சொல்லுவாயா?

உன் இரும்புத் தகட்டுக் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த ரேஸ் இங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தானே? ஒரு நாளாவது வீட்டுக்கு வா.

ஷோபனா


ஆவடி,
24.9.2025

தேவா,

நீ வந்துவிட்டுப் போய்ப் பத்து நாள் ஆகப்போகிறது. கடிதமும் இல்லை, போனிலும் அம்மாவிடம் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறாய். கோயம்புத்தூருக்கு நல்லபடி போய்ச் சேர்ந்தாயா என்பதையே யூசுப்பிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு ராத்திரி நடந்தது என் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. நீ வருகிறாய் என்று மாமா பூந்தமல்லியிலிருந்து உனக்குப் பிடித்த வஞ்சிரம் வாங்கி வந்தார். விரதக்காரன் மீன் தின்னமாட்டான் என்று அம்மா அதை வசந்தா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். பிறகு உனக்காகச் சாம்பாரும் பொரியலும் செய்து, இலை போட்டு, உன் ஒரு வேளையை இங்கே முடித்துக்கொள் என்றாள். மத்தியானமே முடிந்துவிட்டது என்றாய். அப்போ எனக்கும் முடிஞ்சிடுச்சு என்று அவளும் எதிரே உட்கார்ந்துகொண்டாள். சோறு நடுவில் ஆறிக்கொண்டிருந்தது. நீங்கள் இரண்டு பேரும் அப்பா காலத்துக் கதைகளைப் பேசிச் சிரித்தீர்கள். நானும் மாமாவும் எப்படிச் சாப்பிடுவது?

மத்தியானமும் நீ சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். உன் பெல்ட்டில் ஆணி வைத்துக் குத்தின புது ஓட்டைகளைப் பார்த்தேன். மாடிப்படி ஏறி வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அம்மா பார்க்கிறாள் என்றதும் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தாய்.

மறுநாள் ரேசில் மூன்றாவதாக வந்தாய். எங்கே குறை வைத்தேன் என்று அம்மா கேட்கிறாள். ஒரு வேளைச் சோற்றையும் அரைப் பிடியாகக் குறைத்துவிட்டாள்.

இது விரதம்தானா? எனக்கு மட்டும் சொல்.

அக்கா


கோயம்புத்தூர்,
6.10.2025

மரியாதைக்குரிய ஷோபனா அக்காவுக்கு,

யூசுப் சலாம் சொல்லி எழுதுவது. நீங்களும் மாமாவும் அம்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். தேவாவிடம் கேட்காமல் எழுதுகிறேன். தெரிந்தால் என் சட்டையைப் பிடிப்பான். பரவாயில்லை.

அக்கா, நான் வருஷா வருஷம் நோன்பு பிடிக்கிறவன். நோன்பு என்றால் என்ன, பட்டினி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இவன் செய்வது நோன்பு இல்லை. ஒரு நாள் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும் ஒரு வெள்ளரிக்காயும். மறுநாள் அதுவும் கிடையாது. ரேசுக்கு முந்தின நாள் தண்ணீரையும் நிறுத்திவிடுகிறான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்ட காரில் வெயிலில் உட்கார்ந்து வியர்க்கவிடுகிறான். எல்லாம் எடைக்காக. டீமில் யாரும் இவனைச் செய் என்று சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை பிராக்டீஸ் முடித்துக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கவில்லை. ஜன்னல் வலையை அவிழ்த்துப் பார்த்தேன். பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். கை பெல்ட்டின் மேலேயே இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை. "எந்த ஊர்ல கீறோம் மச்சான்?" என்று என்னைக் கேட்டான். வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினதும் சரியாகிவிட்டான். சும்மா தமாஷ் பண்ணினேன் என்றான். தமாஷ் இல்லை அக்கா. அந்த நிலையில்தான் அவன் கடைசிச் சுற்றை ஓட்டி முடித்திருக்கிறான்.

நான் காரைப் பார்த்துக்கொள்கிறேன். அவனைப் பார்த்துக்கொள்ள எனக்குக் கைவரவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பான்.

தம்பி,
யூசுப்


ஆவடி,
10.10.2025

தேவாவுக்கு,

யூசுப்பின் கடிதம் வந்தது. அவன்மேல் கை வைத்தாய் என்றால் நான் உன்கூடப் பேசுவதில்லை.

சீட்டுக்காகத் தின்னாமல் கிடந்தாய். சரி, உன் பிழைப்பு, உன் உடம்பு. அதற்கு ஏன் அம்மன் பெயரை இழுத்தாய்? நீ சொன்ன பொய்யை நம்பி இங்கே ஒருத்தி மூன்று மாதமாக வயிற்றைக் காயப்போடுகிறாள். இன்று காலையில் உப்பு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டே உப்பு எங்கே என்று தேடினாள்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அம்மாவிடம் பேசு. இல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்.

ஷோபனா


கோயம்புத்தூர்,
15.10.2025

அக்கா,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. யூசுப் எழுதியது எல்லாம் உண்மைதான். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு வீடியோவில் அம்மா கன்னத்தைப் பற்றிக் கேட்டதும் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காய்ச்சல் என்றால் டாக்டர் யார் என்பாள். சாப்பாடு சரியில்லை என்றால் பஸ் ஏறி வந்துவிடுவாள். ஆத்தா பெயரைச் சொன்னால்தான் மேற்கொண்டு கேட்கமாட்டாள். வாயில் வந்துவிட்டது. அவளும் சேர்ந்துகொள்வாள் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அவள் வயிற்றில் பிறந்தவன்தானே.

இன்னும் ஒரே ஒரு ரேஸ் இருக்கிறது அக்கா. நவம்பர் பதினாறு, இங்கேயே. புள்ளிப் பட்டியலில் நான்தான் மேலே இருக்கிறேன். சாம்பியன் ஆனால் அடுத்த வருடம் மலேசியாவில் ஓட்டவைப்பதாகப் பாண்டியன் சார் சொல்லியிருக்கிறார். ஆகாவிட்டால் சீட்டு லோகேஷுக்கு. என் வயதில் இன்னொருமுறை யாரும் கூப்பிடமாட்டார்கள். மறுபடி ஒரகடம்தான்.

இப்போது அம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஆத்தா பெயரில் பொய் சொல்லியிருக்கிறான், தெய்வ குத்தம் ஆகிவிட்டது என்று அதற்கு வேறு ஏதாவது செய்வாள். தீ மிதிக்கிறேன் என்பாள். ரேஸ் முடியட்டும். அன்று சாயங்காலமே விரதம் முடிந்தது என்று போனில் சொல்லிவிடுகிறேன். உண்மையை நேரில் வந்து காலில் விழுந்து சொல்கிறேன். ஒரு மாதம் பொறுத்துக்கொள். உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை.

தீபாவளிக்கு வரமுடியாது. மன்னித்துவிடு.

தேவா


ஆவடி,
25.10.2025

தம்பி யூசுப்புக்கு,

ஷோபனா அக்கா. நீயும் உன் வீட்டாரும் சுகம்தானே. நீ எழுதியதற்கு நன்றி. ஆனால் உன்னை இப்போது இன்னொரு சங்கடத்தில் மாட்டிவிடுகிறேன்.

தீபாவளியன்று மத்தியானம் அம்மா சமையற்கட்டில் விழுந்துவிட்டாள். நான் வசந்தா வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. தண்ணீரில் நனைந்தாற்போல் ரவிக்கையெல்லாம் வியர்வை. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதாம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டார்கள் என்றார் டாக்டர். வயிற்றுக்கு ஒன்றும் இல்லாமல் மாத்திரை போட்டால் இப்படித்தான், இன்னொரு தடவை இப்படி ஆனால் தன் கையில் இல்லை என்றார்.

ஊசி ஏறி நினைவு திரும்பியதும் அம்மா முதலில் கேட்டது என்ன தெரியுமா? "எனக்கு சோறு எதுனா ஊட்டிட்டீங்களா?" இல்லை, வெறும் குளுக்கோஸ் என்றேன். அப்பாடா என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. தேவாவின் கடிதம் கைப்பையில் இருந்தது. ஒரு மாதம் பொறு என்று அவன் கெஞ்சினது நினைவுக்கு வந்து விழுங்கிவிட்டேன். நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை.

இதைத் தேவாவிடம் சொல்லாதே. தெரிந்தால் அவன் மனசு ரோட்டில் இருக்காது. ரேசுக்கு முந்தின நாள் அவனுக்குத் தண்ணீராவது கொடு. மிரட்டிக் கொடு. அம்மாவை அந்தத் தேதிவரை இழுத்துக்கொண்டு போவது என் பாடு. பாலில் சர்க்கரை கலந்து மருந்து என்று கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


ஆவடி,
25.11.2025

தேவாவுக்கு,

கால் வலி எப்படி இருக்கிறது? இரண்டாவது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று யூசுப் சொன்னான். உன்னை அந்தக் கட்டிலில் விட்டுவிட்டு ரயில் ஏறியதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அம்மாவை வசந்தாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்ததால் திரும்பத்தான் வேண்டியிருந்தது. அம்மா தீபாவளியன்று விழுந்ததை ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. யூசுப்பும் நர்சும் இருந்தார்கள், அதனால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளேன்.

ரேஸ் அன்று காலையில் அம்மாவுக்கு மறுபடி வியர்க்க ஆரம்பித்தது. நாக்கு குழறியது. சர்க்கரை கலந்த பாலைக் கொடுத்தேன். இன்னிக்குக் கடைசி நாள், பச்சைத் தண்ணி கூட வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். மாமா ஷிப்டில் இருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு உன்னோடு பேசுவதுபோல் பேசினேன். அம்மா, ரேஸ் முடிஞ்சிடுச்சு, தேவா ஜெயிச்சுட்டான், உன்னைச் சாப்பிடச் சொல்றான் என்றேன். அப்போது மணி பதினொன்று.

அவள் முகத்தை என்னால் எழுத முடியாது. வேற்காடு இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இரண்டு இட்லி தின்றாள். சட்னி கேட்டு வாங்கித் தின்றாள். நாலு மாதம் கழித்துக் காலையில் அவள் வயிற்றில் சோறு இறங்குவதைப் பார்த்து நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

நாலு மணிக்கு யூசுப் போன் செய்தான். போன் அவள் பக்கத்தில் கிடந்தது. அவள்தான் எடுத்தாள். மூணு மணிக்கு ரேஸ் ஆரம்பிச்சுது, அஞ்சாவது சுத்துல சுவத்துல மோதிட்டான் அக்கா என்று அவன் சொன்னது முழுக்க அவள் காதில்தான் விழுந்தது.

அவள் கத்தவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "மூணு மணிக்கா?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். விரதம் என்பதே பொய், அவன் எடைக்காகப் பட்டினி கிடந்தான் என்று நேற்று சொல்லிவிட்டேன். ரேஸ் முடிஞ்சிடுச்சுன்னு சொன்ன வாய்தானே இது என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

என்னை இனி நம்பமாட்டாள். நீ எழுது. உன் கையால் எழுது. அதைப் பார்த்தாவது சாப்பிடுகிறாளா பார்ப்போம். சீக்கிரம்.

ஷோபனா


கோயம்புத்தூர்,
29.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

தேவா நமஸ்காரம். நான் தேறிவருகிறேன். கால் இரண்டிலும் கம்பி வைத்திருக்கிறார்கள். கை நன்றாக இருக்கிறது, நானே எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்தால் உனக்குத் தெரியும்.

அம்மா, அக்கா சொன்னது உண்மை. நான் விரதம் இருக்கவில்லை. வேற்காட்டுக்கு நேர்ந்துகொள்ளவும் இல்லை. என் எடை குறைந்தால் கார் வேகமாகப் போகும், சீட்டு எனக்கே நிலைக்கும் என்று பட்டினி கிடந்தேன். நீ கேட்டபோது சொல்லப் பயந்து ஆத்தா பெயரைச் சொன்னேன். நீயும் பட்டினி கிடக்கிறாய் என்று தெரிந்த பிறகும் சொல்லவில்லை. என் ரேஸ்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். யூசுப் தண்ணீர் கொடுத்தான். குடிப்பதுபோல் காட்டிவிட்டுத் துப்பிவிட்டேன். நாலாவது சுற்றிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. காரை ஓரம் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. அடுத்த சுற்றில் பிரேக் பிடித்தேனா என்றே நினைவில்லை. முழித்தபோது சுவர் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. லோகேஷ்தான் முதலில் ஓடிவந்து கதவைப் பிடித்து இழுத்தானாம். சீட்டு இனி அவனுக்குத்தான். நான் இனிமேல் ரேஸ் ஓட்டமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீ இட்லி சாப்பிட்டதால் இது நடக்கவில்லை. நான் சாப்பிடாததால் நடந்தது. இதை நீ நம்பவேண்டும். என்னைத் திட்டு, அடி, மூஞ்சியில் முழிக்காதே என்று சொல். ஆனால் சாப்பிடு.

உன் பிள்ளை,
தேவா


ஆவடி,
6.12.2025

சிரஞ்சீவி தேவாவுக்கு அம்மா ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். வலியிலும் எனக்காக உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறாய். உன் அக்காவும் இதையேதான் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் கூடிப் பேசிக்கொண்டீர்கள் என்று தெரிகிறது. அம்மா மனசு நோகக் கூடாது என்று பழியைத் தூக்கி உன் தலையில் போட்டுக்கொண்டாய். நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆனால் கண்ணு, ஒரு பொய் சொன்னால் அதை நம்புகிற மாதிரி சொல்லவேண்டும். ஆத்தா பெயரை வைத்து நீ பொய் சொன்னாயாம். சொல்லமாட்டாய். நான் வளர்த்த பிள்ளை நீ. எனக்குத் தெரியாதா?

ஷோபனாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் செத்துப்போய்விடுவேன் என்று பயந்து அவள் ஊட்டிவிட்டாள். தின்றது நான்தானே. இத்தனை நாள் பொறுத்தவளுக்கு இன்னும் நாலு மணி நேரம் பொறுக்க முடியவில்லை. சட்னி வேறு கேட்டு வாங்கித் தின்றேன். அதை நினைத்தால் இந்த வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. உன் உயிரையாவது ஆத்தா விட்டுவைத்தாளே, அந்த மட்டும் அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை வசந்தாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வேற்காட்டுக்குப் போய் வந்தேன். என் பிள்ளை எழுந்து நடந்து என் எதிரே வந்து நிற்கிறவரைக்கும் அன்னத்தைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வேளை என்று சொல்லி ஒரு தடவை ஏமாந்ததே போதும். இந்தத் தடவை அந்த ஒரு வேளையும் இல்லை. ஆறு மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னதாக மாமா சொன்னார். ஆகட்டும்.

ஷோபனா வேலைக்குப் போனதும் தட்டில் வைத்துவிட்டுப் போகிற சோற்றை தெருவில் வருகிற மாட்டுக்கு வைத்துவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். அவள் வந்து பார்த்துச் சந்தோஷப்படுகிறாள். மாத்திரை மட்டும் வேளைக்குப் போட்டுக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே.

நீ டாக்டர் கொடுப்பதையெல்லாம் மறுக்காமல் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள். யூசுப்பையும் கேட்டதாகச் சொல்.

இதில் எழுதியிருப்பதை ஷோபனாவிடம் சொல்லாதே. பாவம், அவள் பயந்துகொள்வாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாமுண்டீஸ்வரி